வெள்ளிக் கிண்ணத்தில் சாம்பல்

முன்னொரு காலத்தில் பொன்விளாகம் என்ற நாட்டைக் கோதண்டவர்மன் ஆண்டு வந்தான். நல்லவன்தான், பாவம். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பேச்சுதான் அவனுக்குச் சட்டம். இன்னொரு பலவீனம் தயிர். தாயார் வளர்த்துக் கொடுத்துவிட்டுப் போன நெற்றிச்சுட்டி என்ற பசுவின் தயிர் இல்லாமல் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த வருஷம் அறுவடை முடிந்ததும் வல்லபராயர் சபையில் எழுந்தார். அமைச்சர் ஆதிநாதரைக் கண்டாலே வயிறு எரிகிற மனுஷர் அவர்.

"மகாராஜா, வயலெல்லாம் அறுத்த பயிரின் அடித்தாள், களமெல்லாம் வைக்கோல், அதற்குள் எலியும் பாம்பும். ஒரு தீப்பந்தம் கொடுங்கள், விடிவதற்குள் நாடே சுத்தம்!"

ஆதிநாதர் பதறினார். "வேண்டாம் மகாராஜா! தாளை மண்ணுக்குள் மடக்கி உழுதால் அடுத்த பயிருக்கு உரம். வைக்கோலைப் போர் போட்டால் கோடையில் மாட்டுக்குத் தீனி."

"அமைச்சருக்கு இப்போதே வைக்கோல் மணக்கிறது. ஒரு கட்டு அவர் வீட்டுக்கு அனுப்புங்கள், பசியாறட்டும்!" என்றார் ராயர்.

சபை சிரித்தது. அரசனும் சிரித்துவிட்டு, "வையுங்கள் தீயை!" என்றான். ஆதிநாதர் மறுபேச்சுப் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு வாரம் ஊரெல்லாம் புகை, இருமல். பிறகு கோடை வந்தது. புல் கருகியது. மாடுகளின் விலா எலும்பு தெரிந்தது.

ஒரு நாள் மத்தியானம் அரசன் சபையாரோடு பந்தியில் இலை முன் உட்கார்ந்து, "தயிர் எங்கே?" என்று கத்தினான். ஆதிநாதர் வெள்ளிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தார். உள்ளே சாம்பல்.

"என்ன கொழுப்பு இது?"

"மாட்டிடம் வைக்கோலைக் கொடுத்தோம், தயிர் தந்தது. இந்த வருஷம் நெருப்பிடம் கொடுத்தோம் மகாராஜா. அது தந்தது இதுதான்."

சபை கைதட்டியது. அரசன் தலைகுனிந்தான். "ராயரே, அடுத்த அறுவடைக்குப் போர் ஏறி வைக்கோல் மிதிப்பது உம்முடைய வேலை!" என்றவன், அமைச்சருக்குப் போடத் தன் முத்துமாலையைக் கழற்றினான்.

அப்போது மாட்டுக்காரன் ஓடிவந்தான். "மகாராசா, நெற்றிச்சுட்டி காலையில சாஞ்சது. எழுப்பிப் பாத்தோம், எழுந்திரிக்கல. இப்ப மூச்சு நின்னு போச்சுங்க."

எல்லோரும் தொழுவத்துக்கு ஓடினார்கள். வெறும் தொட்டியைப் பார்த்தபடி பசு கிடந்தது. அரசன் மாலையை நீட்டினான். ஆதிநாதர் வாங்கவில்லை.

"எனக்கு அன்றைக்கே தெரியும் மகாராஜா. சபை சிரித்ததும் ரோஷம் வந்துவிட்டது. உங்கள் காலில் விழுந்தாவது தடுத்திருக்கலாம். உங்களை மடக்க நல்ல வார்த்தை தேடிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேனே!" என்று அழுதார்.

 அரசன் மாலையைப் பசுவின் கழுத்தில் போட்டான்.

அடுத்த அறுவடையில் எந்த வயலிலும் புகை எழவில்லை. தாளை மடக்கி உழுதார்கள். ராயர் மூச்சு வாங்க மிதித்த போர், அரண்மனை மதிலுக்கு மேல் உயர்ந்தது. நாட்டில் தயிருக்குக் குறைவே இல்லை. அரசன் மட்டும் கடைசிச் சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவானாம்.