நரி போன வழி

"தாயே, நெஞ்சு படபடங்குது. அந்த முட்டைகளை நரி தோண்டிடுச்சோன்னு ராத்திரி பூரா பொட்டுத் தூக்கமில்லை."

விடிந்தும் விடியாமலும் வந்து நின்ற வைரக்கண்ணுவை ஏறிட்டுப் பார்த்தார், கடற்கரை மடத்து நாச்சியாரம்மா. சீடருக்குத்தான் வயது அதிகம். ஆனாலும் அந்த அம்மாதான் அவருக்குக் குரு.

"நாயைப் பிடிங்கண்ணே. நடந்துட்டு வருவோம்."

நாற்பது நாளைக்கு முன் பங்குனி ஆமை ஒன்று கரையேறி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மணலால் மூடிவிட்டுப் போயிருந்தது. அது ஊர்ந்த தடத்தைச் சவுக்குக் கிளையால் கூட்டி அழித்துவிட்டு அம்மா அன்றைக்கே சொன்னார்: "இனி ஆண்டவன் பாடு. யாரும் கிட்டப் போகாதீங்க."

வைரக்கண்ணுவுக்கு மனசு கேட்டால்தானே? தினமும் சாயங்காலம் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் காலடியை ராத்திரிக் காற்று மூடிவிடும்.

நேற்று காற்றே இல்லை.

ஈர மணலில் நண்டு ஓடிய கோடு. உள்ளான் குருவி கொத்தித் திரிந்த மூவிரல் தடம். திடீரென்று நாய் உறுமியது. அதன் பிடரி மயிர் சிலிர்த்துக்கொண்டது.

நரியின் கால்.

சவுக்குத்தோப்பிலிருந்து இறங்கி, அங்கும் இங்கும் அலைந்து, ஒரு மனுஷக் காலடியில் வந்து முட்டியிருந்தது. அதற்கப்புறம் அலையவே இல்லை. அந்தக் காலடியை ஒட்டியே நேராகப் போயிருந்தது.

"இது யார் காலுண்ணே?"

"என்... என்னோடதுதான் தாயே."

"அதான் பார்த்தேன். இந்தக் கரையில இடது காலை இழுத்து நடக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

வைரக்கண்ணு 'முருகா, முருகா' என்றபடி தடத்தோடு போனார். முட்டை மேட்டுக்கு இருபது அடி இருக்கும்போது அவர் காலடி திரும்பியிருந்தது.

நரியும் அங்கேதான் நின்றிருந்தது. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் தோப்புக்கே போயிருந்தது.

"நேத்து ஏன் பாதியில திரும்பிட்டீங்க?"

"நீங்க விளக்குப் பூசைக்கு மணி அடிச்சீங்களே. ஓடி வந்துட்டேன்."

அம்மா நாயை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார்.

வைரக்கண்ணு மேட்டை எட்டி எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கமாக வேறொன்று வந்திருந்தால்?

"தாயே, ஒரே ஒரு தடவை. நல்லாயிருக்கான்னு மட்டும்..."

அம்மா நிற்கவில்லை.

மேட்டை நோக்கித் தூக்கிய வைரக்கண்ணுவின் இடது கால் அப்படியே நின்றது. கீழே, ஒரு தடமும் இல்லாத ஈர மணல்.