பின்வாசல்

குன்றநாட்டுத் தளபதி கொற்றன் குருவின் குடிலுக்குள் செருப்போடு வந்து உட்கார்ந்தான். கீரை ஆய்ந்துகொண்டிருந்த குரு நப்பின்னை அம்மை அவன் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

“கொள்ளைக்காரங்க வந்தாங்கம்மா. கோட்டையில முரசு அடிச்சோம். பக்கத்து வயல்நாட்டுலேருந்து ஒருத்தனும் வரல. எங்க ஜனங்க அவங்க கோட்டைக்கு ஓடியிருக்காங்க. அவங்க கதவைச் சாத்திட்டாங்க. நாப்பது பேர் செத்துப் போயிட்டாங்க. என் தம்பியும்.”

“முரசு கேக்கலையாமா?”

“கேட்டுச்சாம். அவங்கமேல படையெடுத்து வர்றோம்னு நினைச்சாங்களாம்.”

“முன்னெல்லாம் அப்படி நினைக்க மாட்டாங்களே.”

கொற்றன் தலைகுனிந்தான். முன்னெல்லாம் குன்றநாட்டு முரசுக்காரன் வயல்நாட்டுக் கோட்டையில் குடியிருப்பான். வயல்நாட்டு முரசுக்காரன் குன்றநாட்டுக் கோட்டையில்; கடைசியாக இருந்தவன் நாகன். மூன்று தலைமுறை வழக்கம். தன் நாட்டு முரசு கேட்டால், அது உதவிக்கா சண்டைக்கா என்று அங்கேயே சொல்லிவிடுவான்.

“நாகனை ஏன் திருப்பி அனுப்பினே?”

“கடல்நாட்டோட புது உடன்படிக்கை. நூறு கப்பல் வச்சிருக்காங்க. கோட்டைக்குள்ள அந்நியன் இருக்கக்கூடாதுன்னாங்க.”

“உன் பிள்ளைக்கு நீச்சல் கத்துக்கொடுத்தவன் அந்நியன். சரி. அந்த நூறு கப்பலும் அன்னைக்கு மலையேறி வந்துச்சா?”

நாகன் போன ஒரே வாரத்தில் வயல்நாடும் இவர்களுடைய முரசுக்காரனைத் திருப்பி அனுப்பியிருந்தது.

“மரியாதையாத்தான் அனுப்பினேன், அம்மா. சால்வை போர்த்தினேன்.”

“எந்த வாசல்ல?”

“பின்வாசல்ல. முன்வாசல்ல கடல்நாட்டுத் தூதர் நின்னுட்டிருந்தார்.”

அம்மை கீரைத்தண்டை ஒடித்தாள்.

“நாகனைத் திரும்ப வரச் சொல்லி மூணு ஓலை அனுப்பிட்டேன்” என்றான் கொற்றன். “அவங்க ராஜாவே போகச் சொல்லிட்டாராம். நாகன்தான் வர மாட்டேங்கிறான். அவன் வரலைன்னா எங்க முரசுக்காரனையும் அங்க சேர்க்க மாட்டாங்க, அடுத்த தடவையும் அந்தக் கதவு திறக்காது. பதினெட்டு வருஷம் எங்களோட இருந்தவன். அவன் மனசுல என்னதான் இருக்கு? எனக்குப் புரியல.”

அவள் எழுந்தாள். கொடியில் கிடந்த சால்வையை உதறி அவன் தோளில் போர்த்தினாள்.

“இருபது வருஷமா வர்றே. உன்னை மாதிரி ஒரு சீடன் எனக்கு வாய்ச்சதில்லை.”

கொற்றனுக்குக் கண் கலங்கியது. காலில் விழுந்து எழுந்தான்.

“ஒரு பெரிய மனுஷர் முன்வாசல் வழியா வர்ற நேரம். நீ தொழுவத்துப் பக்கமாப் போயிடு. இனிமே வர வேண்டாம்.”

விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தான். அவள் அதற்குள் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. வெளியே இறங்கினான். செருப்புக்கால் சாணியில் புதைந்தது.

திரும்பிப் பார்த்தான். “அம்மா, அப்போ நான் எப்ப வரலாம்?”

“எனக்கு ஆபத்து வந்தா ஓலை அனுப்புறேன்” என்றாள் நப்பின்னை. “வருவியா?”