வெள்ளத்தாய் நடித்த பதினோரு படங்கள்

“இந்த மேடையிலேயே பத்து தோப்புக்கரணம் போடுடா!” என்று கத்தினார் ‘தகவல் திலகம்’ ஞானப்பிரகாசம். நடிகர்கள், ராஜாக்கள் பற்றி யாருக்கும் தெரியாத சேதி சொல்வதுதான் அவர் பிழைப்பு. அவர் பேச்சின் நடுவே மைக் ஒரு நிமிடம் செத்துவிட்டது. மைக்செட்காரர் இருளப்பன் முழித்தார். எதிரே ஊரே உட்கார்ந்திருக்கிறது, மானம் போயிரும்.

“இல்லேன்னா எனக்குத் தெரியாத ஒரு நட்சத்திரம் பேரைச் சொல்லு, விட்டுடுறேன்.”

இருளப்பன் தலையைச் சொறிந்தார். “வெள்ளத்தாய்னு ஒருத்தங்க... அவங்களைப் பத்திச் சொல்லுங்கய்யா.”

“பூ, இவ்வளவுதானா?” மனுஷன் யோசிக்கக்கூட இல்லை. “மொத்தம் பதினோரு படம். எல்லாத்துலயும் ஊமை வேஷம். ரெண்டு பல்லு யானைத் தந்தத்துல கட்டினது. பாவம், கடைசியில கஞ்சிக்கு வழியில்லாமச் செத்தாங்க.”

ஊருக்கே அவளைத் தெரியும். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மூன்றாவது வரிசையில் ஒருத்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“யாருய்யா செத்தது? வெள்ளத்தாய் நான்தான், இந்த மைக்செட்காரர் பொண்டாட்டி. அதுல ஊமைன்னு வேற சொல்லிட்டீரு! நான் ஊமையான்னு அவரையே கேளும்!”

திலகத்துக்கு வேர்த்து ஊற்றியது. இருளப்பன் பக்கம் குனிந்து, “மைக்கை ஆஃப் பண்ணுப்பா, உன் காலைப் பிடிக்கிறேன்” என்று குசுகுசுத்தார். அது நாலு குழாய் ஸ்பீக்கரிலும் போய் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது.

இருளப்பன் தோப்புக்கரணமும் போடவில்லை, மைக்கையும் ஆஃப் பண்ணவில்லை.