சீனத்துப் பிள்ளைக்கு வெந்நீர்

கொட்டாவிப்பட்டி பொன்னுரங்கத்துக்கு மகள் கல்யாணம் நெருங்க நெருங்கத் தூக்கம் போயிற்று. பகல் தூக்கத்தைச் சொல்கிறேன். ராத்திரி நன்றாகவே தூங்கினார். கவலை காலைப் பற்றியது. கட்டிலைவிட்டு எழுந்தால் முழங்கால் மடங்கிக்கொள்ளும். பெண்ணைத் தாரை வார்க்க அப்பன் எழுந்து நிற்காவிட்டால் சம்பந்தி முகத்தில் எப்படி விழிப்பது?

மச்சான்மார் சடையப்பனும் குப்பண்ணனும் நாகப்பட்டினம் போய், ஒரு சீன வியாபாரியிடம் உடம்புக்குத் தெம்பு தரும் ஜின்செங் என்ற மூலிகைச் செடியைத் தொட்டியோடு வாங்கிவந்தார்கள்.

"வெயில் ஆகாது. குழந்தை மாதிரி பாத்துக்குங்க. இலை உதிர்ந்ததும் தோண்டி, வேரை வெந்நீரில் ஊறப்போடுங்க. ஆள் எழுந்து ஓடுவார்" என்று சொல்லியனுப்பினார் வியாபாரி. அந்தத் தண்ணீரைக் குடிக்கவேண்டும் என்று தனியாகச் சொல்லவில்லை. பாவம், வந்தவர்கள் எந்த ஊர் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அன்றே தொட்டியைத் தூளியில் போட்டார்கள். பகலெல்லாம் குடை. நிலா வெளிச்சமும் வெயிலுக்குத் தம்பிதானே என்று ராத்திரியும் குடை. தாலாட்டுப் பாடும் பொறுப்பு பொன்னுரங்கத்துக்கு. செடிக்கு முன்னால் அவர் தூங்கிப்போவார்.

இலை உதிர்ந்தது, தோண்டினார்கள். வந்த வேருக்கு இரண்டு கை, இரண்டு கால், கொஞ்சம் தொப்பை.

"வியாபாரி சொன்னப்பவே நெனச்சேன்," என்றான் சடையப்பன். "நெசமாவே புள்ளதான்."

"நமக்கு இவன் என்ன முறை வேணும்?" என்றான் குப்பண்ணன்.

"தாலாட்டினது அத்தான். அவருக்கு மகன்னா நாம தாய்மாமன்."

"அப்ப மொட்டையடிச்சுக் காது குத்தணுமே."

"மொட்டையாத்தான் இருக்கான். காதைத்தான் காணோம்."

பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "எம்புள்ளையவா வெந்நீர்ல போடச் சொன்னாரு?"

"குளிப்பாட்டத்தான் அத்தான். வேற எதுக்கு?"

தினமும் வெந்நீர்க் குளியல், சாம்பிராணிப் புகை. பிள்ளை குளித்த தண்ணீரை யாரும் மிதிக்கக் கூடாதென்று கொல்லையில் கட்டியிருந்த ஆட்டுக்கிடாவின் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றினார்கள். கிடா குடித்தது. பொன்னுரங்கத்தின் கால் அப்படியேதான் இருந்தது. கிடாவின் கால் அப்படி இல்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தது. ஒரே முட்டு. பொன்னுரங்கம் எழுந்தார், ஓடினார், பந்தலைச் சுற்றினார், தெருவைச் சுற்றினார், தென்னை மரத்து உச்சியில் போய் உட்கார்ந்தார். கிடா அடியில் படுத்துக்கொண்டது.

மறுநாள் முகூர்த்தத்தை மரத்தடிக்கு மாற்றினார்கள். சொம்பைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்ப, அவர் அங்கிருந்தே தாரை வார்த்தார். பெரும்பகுதி சம்பந்தி தலையில் விழுந்தது. ஆனாலும் அப்பன் படுத்துக்கொண்டு வார்த்தான் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

"குளிப்பாட்டினதுக்கே அத்தான் தென்னை ஏறிட்டாரு," என்றான் குப்பண்ணன். "புள்ளையப் படிக்க வச்சா?"

கிடாவைப் பிடித்துக் கட்டிவிட்டுப் பொன்னுரங்கத்தை இறக்கினார்கள். நல்ல நாள் பார்த்து, வேருக்குச் சட்டை தைத்துப் போட்டு, பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப்போனார்கள். வாத்தியார் கொட்டாவிப்பட்டிக்காரர்தான். பள்ளியில் சேரும் வயது வந்துவிட்டதா என்று பார்க்க, வழக்கம்போலத் தலைக்கு மேலே கையைச் சுற்றி மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னார். வெகுநேரம் காத்திருந்தும் பார்த்தார்.

"கை எட்டுது. காதுதான் இல்ல," என்று திருப்பியனுப்பிவிட்டார்.

மூவரும் வீட்டுக்கு வந்து, காது முளைக்கட்டும் என்று பிள்ளையை மறுபடியும் தொட்டியில் நட்டார்கள்.