நெடுவாலியும் தொங்கும் சாளைகளும்

நடுக்கடலில் தண்ணீருக்குள்ளேயே எழும்பி, தண்ணீருக்குள்ளேயே முடிந்துபோன ஒரு மலை இருந்தது. அந்த மலைப்பக்கம் நெடுவாலி என்றொரு சுறா வந்து போவாள். உடம்பு எவ்வளவு நீளமோ, வாலும் அவ்வளவு நீளம். மற்ற சுறாக்கள் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு இரையைத் துரத்துவது அவளுக்கு ஆகாது. மீன் கூட்டத்துக்குள் பாய்ந்து, தலையைத் தாழ்த்தி, வாலைத் தலைக்கு மேலே வீசி ஒரு போடு போடுவாள். நாலைந்து மீன்கள் மயங்கி மிதக்கும். பிறகு நிதானமாகத் திரும்பி வந்து தின்பாள். முதலில் அடி, அப்புறம்தான் கடி. அவள் குலத்தில் எல்லாரும் அப்படித்தான்.

அவள் வயிற்றோடு பசையன் என்ற ஒட்டுமீன் ஒட்டிக்கொண்டு திரிந்தான். அவனுக்கு நீந்தவும் சோம்பல், தேடவும் சோம்பல். வாலடியில் சிதறுகிற துணுக்குகள்தான் அவனுக்குச் சாப்பாடு. அதனால் அந்த வாலைப் புகழ்வதை மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை.

அந்த மலையில் நீலவரி என்ற குட்டி மீன் இருந்தான். பெரிய மீன்களின் உடம்பிலும் வாயிலும் ஒட்டியிருக்கும் பூச்சிகளைக் கொத்தித் தின்று சுத்தம் செய்வது அவன் பிழைப்பு.

அந்த வருடம் அவள் வழக்கமாகத் தின்னும் சாளை மீன் கூட்டம் அந்தப் பக்கமே வரவில்லை. நெடுவாலியின் வயிற்றிலோ இரண்டு குட்டிகள். அவள் உள்ளுக்குள் முட்டை மேல் முட்டையாக உண்டாக்க வேண்டும், குட்டிகள் அதைத் தின்றுதான் வளரும். அவள் பட்டினி கிடந்தால் முட்டை ஏது, குட்டி ஏது? பாவம், அந்தக் கவலையில் அவளுக்குத் தூக்கமே போய்விட்டது.

அப்போதுதான் மலைக்குப் பக்கத்தில் ஒரு நீளக் கயிறு வந்து இறங்கியது. அதிலிருந்து வரிசையாகச் சாளைகள் தொங்கின.

"அக்கா, அதைத் தொடாதீங்க. ஒவ்வொண்ணுக்குள்ளயும் தூண்டில் முள் இருக்கு. முள் குத்தின வாயோட தப்பிச்சு வந்தவங்களுக்கு நான்தான் புண்ணைச் சுத்தம் பண்ணியிருக்கேன்" என்றான் நீலவரி.

பசையன் சிரித்தான். "வாயால கவ்வுறவங்களுக்குத்தானே அந்தக் கதை? எங்க தாயி வாலால அடிச்சு உதிர்த்துட்டு, கீழே விழுந்ததைத் தின்னப் போறாங்க. ஏன்டா, இத்தனை வருஷத்துல யாரோட வாலிலயாவது முள்ளைப் பார்த்திருக்கியா?"

நீலவரி யோசித்துப் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு வராது.

"இல்ல. வால்ல பார்த்ததில்ல."

"அப்புறம் என்ன!" என்றான் பசையன்.

நெடுவாலிக்கும் அது நியாயமாகவே பட்டது. பசி வேறு. போய் முதல் சாளையை ஓங்கி அடித்தாள். அது முள்ளிலிருந்து பிய்ந்து விழுந்தது. தின்றாள். அடுத்ததும் விழுந்தது. வயிற்றுக்குள் குட்டிகள் புரண்டன. "கண்ணுங்களா, இனி உங்களுக்குக் குறையில்லை" என்று சொல்லிக்கொண்டே அடுத்த சாளையை நோக்கி வாலை வீசினாள்.

இந்த முறை வால் திரும்பி வரவில்லை. முள் வாலுக்குள் ஏறி நின்றது.

முன்னே பாய்ந்தாள். கயிறு பின்னே இழுத்தது. சுறாவுக்கு முன்னே போனால்தான் மூச்சு. பின்பக்கமாக இழுபட்டதில் செவுளுக்குள் தண்ணீர் ஒழுங்காகப் புகவில்லை. தவித்த தவிப்பில், மாதம் நிறையாத இரண்டு குட்டிகளும் வழியிலேயே நழுவி விழுந்தன. அவற்றுக்கு நீந்தத் தெரியவில்லை. நெடுவாலிக்குத் திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை.

பசையனா? முதல் இழுப்பிலேயே கழன்றுகொண்டான். முள்ளிலிருந்து உதிர்ந்த கடைசிச் சாளையைத் தின்றுவிட்டுத்தான் கிளம்பினான்.

மேலே படகில் இருந்த ஒருவர், செத்து வந்த நெடுவாலியைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். "சூரை மீனுக்குப் போட்ட தூண்டில்ல இது வந்து தொங்குது. இந்தச் சாதிச் சுறா எப்பவும் வால்லதான்டா மாட்டும்."

அந்தப் பேச்சு கடலுக்குள் யாருக்கும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து வேறொரு இளம் நெடுவால் சுறா மலைக்கு வந்தது. அதன் வயிற்றில் பசையன் ஒட்டியிருந்தான். மறுபடியும் கயிறு இறங்கியது. நீலவரி பதறிப்போய் நெடுவாலிக்கு நடந்ததை எல்லாம் சொன்னான்.

"வால்ல முள் குத்தி யாராவது உன்கிட்ட வந்து புண்ணைக் காட்டினாங்களா?" என்று கேட்டது இளம் சுறா.

"வரமாட்டாங்க. வாயில மாட்டினவங்க சில பேர் அறுத்துட்டு வந்தாங்க. வால்ல மாட்டினவங்க ஒருத்தர்கூட வரல. அதனாலதான் நான் பார்க்கல. அது எனக்கு அப்பப் புரியாம போச்சு" என்று அழுதான் நீலவரி.

"இவன் எப்பவும் இப்படித்தான் பயமுறுத்துவான், தாயி" என்றான் பசையன்.

இளம் சுறா வாலை ஒரு முறை அழகாக வீசிப் பார்த்துக்கொண்டு, கயிற்றை நோக்கிப் போனது.

செத்தவர்கள் திரும்பி வந்து எச்சரிப்பதில்லை. யாரும் வந்து சொல்லவில்லை என்பதையே துணிச்சலாக எடுத்துக்கொள்பவர், அடுத்து திரும்பி வராதவராகிப் போவார்.