குனியாத முதலாளியும் தாழ்ந்த காரும்

காலை பத்தரை மணிக்கு, ஆறு பேர் வேடிக்கை பார்க்க, மில் முதலாளி ராக்கியப்பன் கோபி ஷோரூமில் புதிதாக வந்திறங்கிய ஸ்போர்ட்ஸ் செடானுக்குள் புகுந்து உட்கார்ந்தார். கார் தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

“தங்கா, இதை வாங்கலாமா? குறை சொன்னாலும் உன் வேலை போச்சு, பொய் சொன்னாலும் போச்சு” என்றார் டிரைவரிடம்.

முதலாளியோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி குப்பண்ணன் ஷோரூமுக்குள் வருவதைத் தங்கான் பார்த்துவிட்டான்.

“வாங்குங்க. உங்களுக்குப் பணிவில்லைன்னு ஒருத்தனும் பேச முடியாதுங்க.”

“எப்பிடிடா?”

“எறங்கிப் பாருங்க.”

ஒரு கையில் வேட்டியைப் பிடித்து, மறு கையைத் தரையில் ஊன்றி, தலை குனிந்து முதலாளி வெளியே வந்தார். நேர் எதிரே குப்பண்ணன்.

“இருக்கட்டும் தம்பி, கால்ல எல்லாம் எதுக்கு விழுகற? நல்லா இரு!”

ஷோரூமே சிரித்தது.

“குறையும் சொல்லல, பொய்யும் சொல்லலீங்க” என்றான் தங்கான்.

தை பன்னிரண்டாம் தேதி ராக்கியப்பன் உயரமான ஜீப் ஒன்று வாங்கினார். ஓட்டுவது தங்கான்.