மூணுல ஒரு பங்கு வீடு

கம்மாக்கரைக் கொட்டகையில் வீரணன், சடையாண்டி, தொப்ளான் என்று மூன்று அண்ணன் தம்பிகள் குடும்பத்தோடு இருந்தார்கள். மூவரும் மூட்டை தூக்குகிறவர்கள். மூட்டையை இறக்கும்போது மூளையையும் சேர்த்து இறக்கிவிட்டார்கள் என்று ஊர் சொல்லும். ஊர் ஆயிரம் சொல்லும்.

கொட்டகை ஒழுகியது. தொப்ளான் பெண்சாதி பூவாயிக்கு ஆறு மாசக் கைக்குழந்தை. ஈரம் பட்டால் பிள்ளைக்கு இழுப்பு வந்துவிடும். ஐப்பசி மழைக்குள் அதை நனையாத இடத்தில் படுக்க வைக்கணும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அந்தச் சமயம், ஏழைகளுக்குக் கட்டுப்படியாகிற வாடகை என்று சொல்லி ஊரோரம் மாடி வீடுகள் கட்டினார்கள். குலுக்கலில் வீரணன் பேருக்கு மூன்றாவது மாடியில் ஒரு வீடு விழுந்தது. மாச வாடகை ஐயாயிரம். அவனுக்கு மாசச் சம்பளமும் ஐயாயிரம். தம்பிகளுக்கும் அதேதான்.

சாவி கொடுத்த ஆபீசர் இரண்டு விஷயம் சொன்னார். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்குப் போகக் கூடாது. ஒரு வீட்டில் ஒரு குடும்பம்தான் இருக்கணும். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மூவரும் படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

“ஆளுக்கு மூணுல ஒரு பங்கு போட்டா வாடகை சரியாப் போகும்ணே,” என்றான் சடையாண்டி.

“ஒரு குடும்பம்தான் இருக்கணும்னாரே?”

“இருப்போம். எட்டு மணி நேரத்துக்கு ஒரு குடும்பம்.”

அப்படியே நடந்தது. ஒரு குடும்பம் உள்ளே இருக்கும். மற்ற இரண்டும் சட்டி பானையோடு படிக்கட்டில் சாரலில் காத்திருக்கும்.

புது வீட்டுக்குள் குடிபோனால் பால் காய்ச்சணும் இல்லையா? காலையில் வீரணன் குடிபோவான், பால் பொங்கும். மத்தியானம் சடையாண்டி, மறுபடி பால். ராத்திரி தொப்ளான், மறுபடியும் பால். பொங்கி வழிகிறவரை யாரும் பாயை விரிக்கக் கூடாது. மாசக் கடைசியில் பார்த்தால் வாடகையை விடப் பாலுக்குக் கூடப் போயிருந்தது.

பூவாயி அவள் அண்ணனிடம் சொல்லி ஒரு கறவை மாட்டை ஓட்டிவரச் செய்தாள். செவலைப் பசு. வாசலில் கட்டப் போனபோது வாட்ச்மேன் விரட்டினார்.

“தெருவுல கட்டாதே. கொண்டு போய் உன் வீட்ல கட்டு.”

கட்டினார்கள். முன்னால் இருவர் இழுக்க, பின்னால் நாலு பேர் தள்ள, செவலை மூன்று மாடி ஏறியது.

உள்ளே மாடு நின்ற பிறகுதான் வீரணனுக்கு உறைத்தது. மாடு ஒரு குடும்பம், நாம ஒரு குடும்பம், ஆக ரெண்டாகிவிடுகிறதே. சட்டத்துக்குப் பயந்து எல்லோரும் படிக்கட்டுக்கு வந்தார்கள். குடிபோக ஆளில்லாததால் பால் மிச்சம். தினம் பத்து லிட்டரை, லிட்டர் ஐம்பது ரூபாய்க்கு விற்றார்கள்.

ஐப்பசி பிறந்து ஆபீசர் சோதனைக்கு வந்தார்.

“இந்த வீட்ல யாருய்யா குடியிருக்கா?”

“செவலைங்கய்யா,” என்றான் வீரணன்.

“வருமானம்?”

“பதினஞ்சாயிரம். வாடகை ஐயாயிரம். சரியா மூணுல ஒரு பங்குங்க.”

ஆபீசர் நோட்டைப் புரட்டினார். அந்தக் கட்டடத்தில் நாற்பது வீடு. கணக்குச் சரியாக வந்தது இந்த ஒரு வீட்டுக்குத்தான்.

பூவாயி பிள்ளையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு முன்னால் வந்தாள். “ஐயா, இதை மட்டும் உள்ள ஒரு ஓரமாப் படுக்க வைக்கலாமுங்களா?”

ஆபீசர் நோட்டை மூடினார். “குடியிருக்கவங்க சம்மதிச்சு இதுல இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கட்டும்,” என்று ஒரு தாளையும் மைப்பெட்டியையும் நீட்டிவிட்டு இறங்கிப் போனார்.

“நீங்க பேசி முடிங்க, நான் மாட்டைப் புடிச்சுக்கிறேன்,” என்று பூவாயி பிள்ளையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பிள்ளை வைக்கோலில் சூடாகத் தூங்கிப் போனது.

வெளியே மழை கொட்டியது. மாட்டுக்கு முன்னங்கால்தான் கை என்று முடிவாக ஒரு வாரம் ஆயிற்று. இடது என்றால் எதிரே நிற்கிற நமக்கு இடது இல்லை, மாட்டுக்கு இடது என்று முடிவாக இன்னொரு வாரம். இப்போது குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கிறது, அதில் எது பெருவிரல் என்று மூன்று பேரும் படிக்கட்டில் நனைந்தபடி பேசிக்கொண்டிருக்கிறார்கள். சுண்டுவிரலாகப் போய்விட்டால் செல்லாதே.